இருநூற்றுப் பன்னிரண்டே கால்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்த நால்வரிடமும் அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பங்குச் சந்தை மூடும் நேரத்தில் நால்வரும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு முதலாளியின் கைப்பேசியைச் சுற்றி நிற்பார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கம்பெனி ஒரு பேசும் கண்ணாடியை அறிவித்தது. பெயர்ப்பலகையை வாசித்துச் சொல்லுமாம், வழி காட்டுமாம், பவரைக்கூடத் தானே மாற்றிக்கொள்ளுமாம். முதலாளி அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. "நம்ம கடைக்கு மங்களம் பாடிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பங்கின் விலையைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. விலை இறங்கினால் எல்லோருக்கும் டீ. ஏறினால், துடைத்து வைத்த ஃபிரேமையே மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காமல் கவுன்டர் அக்காதான் சொன்னார்: "சார், சும்மா உக்காந்து பயப்படுறதுக்குப் பந்தயமாச்சும் கட்டலாம்."

திங்கள் காலை கடை திறந்ததும் ஆளுக்கொரு ஆர்டர் சீட்டில் அந்த வெள்ளிக்கிழமை முடியும் விலையை எழுதி, மடித்து, காலியான ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் போட வேண்டும். யார் சீட்டு கிட்ட வருகிறதோ அவருக்குச் சனிக்கிழமை லீவு. கடையில் கூட்டம் அலைமோதும் நாள் அது. முதலாளி ஜெயித்தால் ஒருவருக்கும் லீவு இல்லை. ஆனால் அவர் ஜெயித்ததே இல்லை. வாராவாரம் கம்பெனி இழுத்து மூடும் அளவுக்கு ஒரு விலையை எழுதிக்கொண்டிருந்தால் எப்படி ஜெயிக்க முடியும்?

இன்னொரு விஷயமும் உண்டு. எந்தச் சீட்டை எடுத்தாலும் அதில் கால், அரை, முக்கால், அல்லது முழு எண்தான் இருக்கும். லென்ஸ் பவர் கால் காலாகத்தான் ஏறும், இறங்கும். வருடக்கணக்காக அதையே எழுதிய கைகளுக்குப் பத்து காசு, முப்பது காசு எல்லாம் வராது.

நால்வரில் ஒருத்தியான அவள் அங்கே கண் பரிசோதிப்பவள். டாக்டர் இல்லை, ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டறைக்குள் ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கூச்சமில்லாமல் கேட்பாள். வெளியே வந்தால் விக்கல் எடுத்தாலும் தண்ணீர் கேட்க மாட்டாள். முதலாளி நல்ல மனிதர்தான். லீவு கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் "எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கேட்டு வாங்குவதைவிடப் பங்குச் சந்தையைக் கணிப்பது அவளுக்குச் சுலபமாகப் பட்டது.

இந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கண்டிப்பாக வேண்டும். அம்மாவுக்கு நீச்சல் போட்டி.

ஐம்பத்தாறு வயதில் அம்மா நீச்சல் கற்றுக்கொண்டாள். அம்மாவின் பவர் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் உலகம் கஞ்சி மாதிரி ஆகிவிடும். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி ஒன்றை அவள் செய்துகொடுத்தாள். "இதைப் போட்டா கரையில நிக்கிறவங்க மூஞ்சியெல்லாம் தெரியுதுடி, வெக்கமா இருக்கு" என்று அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அந்தக் குளத்தில் பாதைகளைப் பிரிக்கக் கயிறும் கிடையாது. அடியில் வரைந்த கறுப்புக் கோடுதான். போன மாதப் பயிற்சியில் அம்மா கோணலாகப் போய், பக்கத்தில் நீந்திய ரிட்டயர்டு தபால்காரரை முட்டி, மன்னிப்புக் கேட்டு, குசலம் விசாரித்து, இருவரும் பேசிக்கொண்டே கடைசியாக வந்தார்கள். பயிற்சியாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: யாராவது மறுகோடியில் நின்று குரல் கொடுத்தால்தான் போட்டியில் சேர்ப்பேன். அப்பாவுக்குச் சனிக்கிழமை பஸ் ஓட்டும் ஷிஃப்ட். மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தான் குறித்து வைத்திருந்த பன்னிரண்டு வாரக் கணக்கை எடுத்துப் பார்த்தாள். அறிவியல் படித்த மூளை விலையைவிட்டு ஆட்களைக் கவனித்தது. கவுன்டர் அக்கா எப்போதும் ஏறும் என்றே எழுதுவார்; நம்பிக்கை அவரது பிறவிக்குணம். பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தும் ஃபிட்டர் அண்ணன் யோசிக்கவே மாட்டார். போன வெள்ளி முடிந்த விலையையே கிட்டத்தட்ட எழுதிப் போடுவார். பன்னிரண்டு வாரத்தில் ஏழு வாரம் அவர்தான் ஜெயித்திருந்தார். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பலனா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

போன வெள்ளி விலை இருநூற்றுப் பதினொன்று எண்பது. அப்படியானால் அண்ணன் இருநூற்றுப் பதினொன்றே முக்கால் எழுதுவார். அதற்கு ஒரு படி மேலே, சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டால் அதற்கு மேலே, அக்காவின் எண்ணை நெருங்கும் வரை, எந்த விலை வந்தாலும் லீவு அவளுக்கு. கணக்கு கச்சிதம்.

திங்கட்கிழமை பேனாவை எடுத்தவள் தயங்கினாள். இவ்வளவு ஒட்டியா போய் நிற்பது? வேண்டுமென்றே செய்தது போல இருக்காதா? மரியாதைக்கு ஒரு படி இடம் விட்டு, இருநூற்றுப் பன்னிரண்டே கால் என்று எழுதி மடித்துப் போட்டாள்.

செவ்வாயன்று விலை இருநூற்றுப் பதினாறுக்கு ஏறியது. கவுன்டர் அக்கா பாட்டு முணுமுணுத்தார். புதனன்று இருநூற்று எட்டுக்கு விழுந்தது. முதலாளி டீ சொன்னார். அவள் தன் டீயை ஆற விட்டுவிட்டாள். வியாழனன்று இருநூற்றுப் பத்து. வீட்டில் அம்மா, "லீவு சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லுவேம்மா" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கைப்பேசியை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"இரநூத்திப் பன்னெண்டு."

"அப்புறம் எவ்வளவு காசு?" என்றார் அக்கா.

"காசெல்லாம் இல்ல. சைபர் சைபர். முழுசா பன்னெண்டு."

சீட்டுகளைப் பிரித்தார்கள். முதலாளி, நூற்று எண்பது. அக்கா, இருநூற்றுப் பத்தொன்பதரை. ஃபிட்டர் அண்ணன், அவள் கணித்தபடியே பதினொன்றே முக்கால். அவள், பன்னிரண்டே கால். இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால்.

"அட!" என்றார் முதலாளி. இந்த மாதிரி நடந்ததே இல்லை.

ஃபிட்டர் அண்ணன் அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் டாக்டரம்மா, ஒரு படி கிட்ட வந்து பன்னெண்டுன்னு எழுதிருந்தா என்னை மொத்தமா அடிச்சிருக்கலாமே?"

"அதான் முதல்ல நெனச்சேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்து. "உங்க பக்கத்துல ரொம்ப நெருக்கமா இருக்குமேன்னு..."

"காயிதத்துலயா? நாம என்ன பஸ்லயா நிக்கிறோம்?"

கவுன்டர் அக்கா சிரித்த சிரிப்பில் மாட்டி வைத்திருந்த இரண்டு ஃபிரேம்கள் கீழே விழுந்தன.

முதலாளிக்கு முதல் தடவையாகப் பந்தயத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு நீதிபதி போல உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் எதுக்கு லீவு வேணும்னு சொல்லுங்க. இது தெளிவா, அது தெளிவான்னு நான் பார்க்கிறேன்."

"எனக்குத் தூக்கம் வேணும் சார்" என்றார் ஃபிட்டர் அண்ணன். "பிள்ளைங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எங்க மாமியார் வீட்டுக்குப் போயி, மத்தியானம் வரைக்கும் தூங்கணும்."

"தெளிவாத்தான் இருக்கு. நீ சொல்லும்மா. எதுக்கும்மா?"

வந்துவிட்டது அந்த வார்த்தை. கண் பரிசோதனைக்கு வந்து காத்திருந்த பெரியவர் ஒருவரும் பத்திரிகையை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார். அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு நாளைக்கு நீச்சல் போட்டி சார். கண்ணாடி இல்லாம அவங்களுக்குக் கண்ணு தெரியாது. நான் அந்தக் கோடியில நின்னு கூப்பிடணும்."

"என்னது? காதுல விழல" என்றார் முதலாளி. உண்மையாகவே விழவில்லை.

"நான் போகலைன்னா சேத்துக்க மாட்டாங்க சார். கூப்பிடணும்."

"இந்தக் குரல்லயா?" என்றார் ஃபிட்டர் அண்ணன். "டாக்டரம்மா, என் லீவை நீங்களே எடுத்துக்கங்க. ஆனா இந்தக் குரல்ல கூப்பிட்டீங்கன்னா உங்கம்மா குளத்தைத் தாண்டி ரோட்டுல நீந்திப் போயிடுவாங்க. எங்கே, ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்க."

"அண்ணே, வேணாம்..."

"கடைப் படியிலேர்ந்து கூப்பிடுங்க. எதிர் மருந்துக்கடைக்காரர் திரும்பினாத்தான் லீவு. சரிதானே சார்?"

"நீதிமன்றம் ஒத்துக்குது" என்றார் முதலாளி.

அவள் படியில் போய் நின்றாள். மருந்துக்கடைக்காரர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நடுவே இரண்டு வண்டிகள் போயின. "அம்மா" என்றாள். யாரும் திரும்பவில்லை. "அம்மா!" என்றாள். ஒரு சைக்கிள்காரர் மட்டும் திரும்பினார். அம்மா தண்ணீரில் கோணலாகப் போவது கண்முன் வந்தது. இந்தத் தடவை பேசிக்கொண்டு வரத் தபால்காரர்கூட இருக்க மாட்டார். அவருக்கு வேறு பிரிவு. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தாள்.

"அம்மா! இந்தப் பக்கம்!"

மருந்துக்கடைக்காரர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் வரிசையில் நின்ற நான்கு பேரும் திரும்பினார்கள். காத்திருந்த பெரியவர் கைதட்டினார்.

"போயிட்டு வாம்மா. நாளைக்கு நானே டெஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றார் முதலாளி, காதைத் தேய்த்துக்கொண்டே.

மறுநாள் பத்து மணிக்கு விசில் ஊதினார்கள். அம்மா தலையைத் தூக்கித் தூக்கி நீந்தினாள். தூக்கிய ஒவ்வொரு தடவையும் மறுகோடியிலிருந்து அவள் கத்தினாள். அம்மா இடப்பக்கம் சாய்ந்தால் "வலது! வலது!" என்றாள். பக்கத்துப் பாதைக்காரர்களின் வீட்டார் அவளை ஒருமாதிரிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறு பேரில் அம்மா ஐந்தாவதாக வந்தாள். ஆனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வந்தாள்.

கரையேறியதும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"யாருடி அது, அப்படித் தொண்டை கிழியக் கத்தினது? நல்ல பொண்ணு. அவ சொன்ன பக்கமே வந்தேன்."

"நான்தாம்மா" என்றாள் அவள். குரல் கட்டிப்போய் காற்றுதான் வந்தது.

"போடி, பொய் சொல்லாத. உனக்கேது அந்தக் குரல்?" என்ற அம்மா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நல்ல பெண்ணைத் தேடிக் கிளம்பினாள்.