வீட்டாரிடம் சொல்கிறவள்

மலாயாவில் மெர்டேக்கா என்று சுதந்திரம் முழங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கொடி மாறியது, டாக்டர் மாறவில்லை. அந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்கள் வார்டில் தமிழர் யார் கண்ணை மூடினாலும், "வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், நர்ஸ்" என்பார். தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். தோட்டத்து ஜனமோ கடைக்கார ஜனமோ, சாவுச் செய்தி என் வாயால்தான் போனது.

எத்தனை முறைதான் அழுவது? ஒரு கட்டத்தில் அழுகை நின்றுபோனது. தூக்கமும் பசியும் கூடவே போயின. வேறு வார்டு கேட்டு மேட்ரனிடம் நின்றேன். "சொல்வதற்கு முன் மூச்சை மெதுவாக இழுத்து விடு, மனம் அடங்கும்" என்றாள். அவளுக்கென்ன, சொல்லப்போவது அவளா? எரிச்சலோடுதான் செய்து பார்த்தேன். கொஞ்சம் உதவியது, பொய் சொல்லக்கூடாது.

ஒருநாள், பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் சாலையில் லாரி கவிழ்ந்து ஒருவனைத் தூக்கிவந்தார்கள். துணியை விலக்கினேன். என் தம்பி ஜெயபாலன். டாக்டர் கேட்டதையெல்லாம் என் கை தானாக எடுத்துக்கொடுத்தது. ஒன்றும் பலிக்கவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டே, "வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், நர்ஸ்" என்றார். வீட்டாரே நான்தான். பழக்கம் பாருங்கள், "யெஸ் டாக்டர்" என்றேன்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வேலிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். உள்ளே அம்மா மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டது. மூச்சை இழுத்தேன். இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது. ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வேன்?

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாடி கோகிலா, இந்த நேரத்துல வந்துட்ட? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பாலன் போயிட்டான்க்கா. அம்மாகிட்ட சொல்லணும். முடியல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நீ சொல்ல வேணாம். இங்கனயே நில்லு. நான் சொல்றேன்" என்று உள்ளே போனாள்.

அம்மிச் சத்தம் நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் மிளகாய்க் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வது ஜன்னல் வழியே தெரிந்தது. உட்கார்ந்து சொல்ல எனக்கு அந்த வார்டு ஒருநாளும் நேரம் தந்ததில்லை.

அம்மா அலறினாள். தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்து அக்காவின் தோளை உலுக்கினாள்.

"கோகிலாகிட்ட யாரு சொன்னா? எம்பொண்ணு அங்க ஆஸ்பத்திரில தனியால்ல இருக்கும்! பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"யாருமே இல்லம்மா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.