நத்தை ஐந்து, நண்டு மூன்று

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பினாயிலம்மா. யார் வைத்தார்களோ தெரியாது, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். இரண்டாவது மாடி வார்டுகளின் துப்புரவுக்கு அவள்தான் மேற்பார்வை. அவள் முறைத்தாலே பாதி அழுக்கு ஓடிவிடும், மீதிக்குத்தான் துடைப்பம் என்று டாக்டர்களே கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவள் வீட்டு முன்னறையில், மூன்று மாதமாக ஒரு கண்ணாடித் தொட்டி பாசி பிடித்துக் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் கை அரித்தது. ஆனாலும் தொடவில்லை. அது அவருடைய தொட்டி.

அவர் என்றால் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் இருட்டுக் குழிகளில் கிரீஸ் நாற்றத்தோடு காலம் தள்ளியவர். வேலையை விட்டதும், வெளிச்சமும் தண்ணீருமாக எதையாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கடல்மீன் தொட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தொட்டி வந்தது. உப்பு கரைத்தார். துளைத்துளையான கற்களை வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார்.

"மீன் எங்கே?" என்று கேட்டாள்.

"அவசரப்படாத. தண்ணி பழுக்கணும்."

"தண்ணி என்ன மாம்பழமா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டு எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார். 'பாசி வந்த பிறகு: நத்தை 5, நண்டு 3. மீன் அப்புறம்.' பதினோராம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் மொத்தமும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையிலேயே கட்டில் போட்டாள், அவள் ஷிஃப்டில் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள்.

தொட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வற்றும்போது அவர் ஒட்டியிருந்த டேப் கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றியதைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை. முதலில் பழுப்பாக ஒரு பூச்சு படர்ந்தது. பிறகு பச்சை வந்தது. கற்களில் முடிபோல நீண்டு அசைந்தது. கம்பி வைத்த கட்டிலில் தொட்டியைப் பார்க்கத் தலையைத் திருப்பிப் படுக்க வைத்தால், அவர் கண் அந்தப் பச்சையிலேயே நிற்கும். அந்தக் கண் எதையாவது பார்க்கிறதா, சும்மா திறந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒளிவுமறைவு இல்லாதவள்.

"கை கால நான் நீட்டி மடக்கி விடுறேம்மா. அது மட்டும் போதாது. அவருக்கு ஒண்ணு வேணும்னோ வேணாம்னோ தோணி, அவரா ஒரு ஜாடை காட்டணும். ஒரே ஒரு தடவை காட்டினாக்கூடப் போதும், அதைப் பிடிச்சிக்கிட்டு மேல வந்துடலாம். ஆனா நாள் ஆக ஆக கஷ்டம்."

அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஜாடைக்குக் காத்திருந்தாள். "ஏங்க, தண்ணி வேணுமா? ஃபேன் வேணுமா? என்னைத் திட்டணுமா? இடது கை நல்லாத்தானே இருக்கு, தட்டுங்களேன். நான் தட்டினப்ப நீங்க வந்தீங்களே."

அது அவர்களுடைய பழைய கதை. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுபோக, வாளியும் மாப்புமாக உள்ளே மாட்டிக்கொண்டாள். மாப்புக் கட்டையால் கதவைப் போட்டு இடித்தாள். மேலேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. டக், டக். கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அர்த்தம் என்று பிறகு சொன்னார், மெக்கானிக்குகள் வழக்கமாம். பத்து நிமிடத்தில் கதவைப் பிளந்துகொண்டு கிரீஸ் முகத்தோடு எட்டிப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும், "முதல்ல தட்டினது யாரு?" என்று கேட்டே அவள் வாயை அடைப்பார்.

பாசி நன்றாகத் தடித்ததும் சீட்டைப் பிய்த்துக்கொண்டு கடைக்குப் போனாள். பாதித் தெரு நீளத்துக்கு உள்ளே போகும் ஒடுக்கமான கடை. இரண்டு பக்கமும் நீல வெளிச்சத்தில் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒரு கையில் வலையும் மறு கையில் போனுமாக இருந்தார். சீட்டைப் பார்த்ததும் கையெழுத்தை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சாரோட சீட்டா? அவர் வரலையா?"

"உடம்பு சரியில்ல" என்றாள். அதற்கு மேல் சொன்னால் அழுகை வந்துவிடும், கடையில் எதற்கு அழ வேண்டும்?

அவளுக்கு முதலில் பிடித்தது ஒரு மஞ்சள் மீன். நாளெல்லாம் பாசியை மேயும் என்று எழுதியிருந்தார்கள். உங்க தொட்டிக்கு அது பெரிசு, மூணு மாசத்துல முட்டிக்கும் என்றார் கடைக்காரர். கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்த ஒரு முள்ளுருண்டையைக் காட்டினாள். நல்லா வேலை செய்யும், ஆனா கல்லையெல்லாம் தள்ளி உருட்டிடும் என்றார். அவர் அடுக்கிய கல் உருளக் கூடாது, வேண்டாம் என்றாள். கடைசியில் சீட்டில் இருந்ததுதான் சரி என்று ஆயிற்று. "எங்க வீட்ல அப்படித்தான். நான் ஊரெல்லாம் சுத்தி வந்து அவர் சொன்னதுலதான் நிப்பேன்" என்றாள். கடைக்காரர் சிரித்தார்.

நத்தைகளை ஒவ்வொன்றாக அவளே பார்த்து எடுத்தாள். கண்ணாடியில் அழுத்தமாக ஒட்டியிருப்பதாக, தொட்டால் சட்டென்று சுருங்குவதாக. சங்கைச் சுமந்து திரியும் நண்டு மூன்று. வளர்ந்தால் வீடு மாறும், காலி சங்கு இல்லாவிட்டால் நத்தையைக் கொன்று அதன் சங்கைப் பிடுங்கிக்கொள்ளும் என்று கடைக்காரர் நாலு காலி சங்கும் போட்டுக் கொடுத்தார்.

"நத்தை சில நேரம் மல்லாந்து விழுந்துடும்மா. அதுவா திரும்பாது, செத்துடும். நீங்கதான் திருப்பி விடணும்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டுட்டுத்தான் இருக்கேன். அது எனக்குப் பழக்கம்."

கட்டிலில் கிடப்பவரைச் சொல்கிறாள் என்பது கடைக்காரருக்குப் புரியவில்லை. "அப்புறம் ஒண்ணுமில்ல, அழுக்கை அதுங்களே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. எட்டுப் பேர் வேலைக்கு வருகிறார்கள். துப்புரவு ஆட்கள். இவளுடைய இனம்தானே. முதல் நாளே இப்படி ஒரு குப்பைக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன நினைப்பார்கள்? அவள் வார்டில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிஃப்ட் வருமுன் இந்த ஷிஃப்ட் தரையைப் பளிங்காக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தை மீறியவளை அழவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவாள்.

வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னறையிலேயே இரண்டு டப்பைப் போட்டாள். அவரும் பார்க்கட்டுமே. அவர் தொட்டிதானே பளபளவென்று ஆகப் போகிறது. பினாயில், பிளீச்சிங் எதுவும் கூடாது என்பது அவளுக்கே தெரியும், அவ்வளவு முட்டாள் இல்லை. கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பிரஷ்ஷால் பாசியை உரித்து, டப்பில் வைத்துக் கெட்டிலில் இருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் காப்பாற்றுவது கொதிநீர்தான்.

இரண்டாவது கெட்டிலை ஊற்றும்போது அந்தச் சத்தம் கேட்டது.

அவர் இடது கை. கட்டில் கம்பியில், மோதிரம் பட, டணார் என்று ஒரு அடி. நிமிர்ந்தாள். இன்னொரு அடி. அவர் கண் நேராக அவள் மேல் இருந்தது. முகம் சிவந்திருந்தது. கை விழுந்து விழுந்து எழுந்து அடித்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தட்டுறீங்களா! என் ராசா, தட்டுறீங்களா!" என்று ஈரக் கையோடு ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க பாருங்க, இன்னும் ரெண்டே கல்லு, முடிச்சிட்டு உங்க நத்தையை விட்டுடுறேன்." திரும்பி வந்து வேகவேகமாக மீதியையும் தேய்த்தாள். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தத் தாளத்துக்கு அவள் பாடாத குறை. கடைசிக் கல்லுக்கு வெந்நீர் ஊற்றியபோது அடி நின்றது. களைத்துப் போயிருப்பார் என்று நினைத்தாள்.

மிச்ச வேலையைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலச் செய்தாள். நத்தைகளுக்குத் தொட்டித் தண்ணீரை மெல்லப் பழக்க வேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரி டிரிப் குழாய் ஒன்றை மாட்டி, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டாள். பிறகு பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் மறுமுனையில் கத்தியே விட்டாள். "அம்மா, இதுக்குத்தாம்மா காத்திருந்தோம்!" மறுநாள் வார்டில் எல்லோரிடமும் சொன்னாள். அன்று வாயெல்லாம் பல். யாரையும் திட்டவில்லை.

ஆனால் அவர் அதற்குப் பிறகு தட்டவில்லை. தலையைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தால் கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோலக் கலங்கியது. நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. திருப்பிவிட்டாள். மறுபடி விழுந்தது. அவரைத் திருப்பிப் போடுவதும் நத்தைகளைத் திருப்பிப் போடுவதுமாக நான்கு நாள் போயிற்று. ஒரு வாரத்தில் எட்டும் செத்தன. காலி சங்குகளோடு இன்னும் எட்டுச் சங்குகள் காலியாயின.

செத்த நத்தை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனாள்.

"தொட்டியில ஏதாவது பண்ணினீங்களா?"

"ஒண்ணும் பண்ணலையே. கல்லெல்லாம் வெந்நீர்ல கழுவி, சுத்தமா வெச்சுத்தான் விட்டேன்."

கடைக்காரர் போனைக் கீழே வைத்தார். "எல்லாக் கல்லையுமா? அம்மா, பாசிதானே அதுங்களுக்குச் சோறு. அந்தக் கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடி உயிர் இருக்கும், அதுதான் தண்ணியக் காப்பாத்தும். அது உண்டாகத்தானே சார் மீன்கூட விடாம உக்காந்திருந்தாரு. நானாவது சொல்லியிருக்கணும், உங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டேன்." அவர் தயங்கினார். "நீங்க கழுவும்போது சார் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார்" என்றாள் பினாயிலம்மா. நத்தையைக் கடை மேஜைக் கண்ணாடி மேல் வைத்தாள். "நல்லாத்தான் சொன்னார்."

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நான் தட்டினேன், பத்து நிமிடத்தில் வந்தார். அவர் தட்டினார், நான் கெட்டிலை எடுத்து வந்தேன். இதையே சொல்லிச் சொல்லி நடந்தாள். கட்டிலருகில் நின்று, "நிறுத்துன்னுதானே தட்டினீங்க?" என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பயிற்சிப் பெண் நாலைந்து வாரம் முயன்று பார்த்துவிட்டு, இனி வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரிக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொட்டியை அவள் அணைக்கவில்லை. பழுப்பு வந்தது, பிறகு பச்சை வந்தது. கற்கள் மறுபடியும் முடி வளர்த்தன. நன்றாகத் தடிக்கட்டும் என்று பொறுத்திருந்தாள். ஒரு நாள் காலை அவர் தலையைத் திருப்பி, தலையணை முட்டுக் கொடுத்து, இடது கையை எடுத்துக் கம்பிமேல் வைத்தாள். மோதிரம் கம்பியில் படும்படி வைத்தாள். டப்பைப் போட்டாள். கெட்டில் கொதித்தது.

முதல் கல்லை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள். "ஏங்க, பாருங்க, கழுவப் போறேன்." உரித்தாள். ஊற்றினாள். கையைப் பார்த்தாள். இரண்டாவது கல். மூன்றாவது. "எவ்வளவு பாசி பாருங்க, எல்லாம் போகுது. தட்டுங்க. நிறுத்துடின்னு தட்டுங்க." நான்காவது கல்லில் அவர் கையையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் வெந்நீர் பாதத்தில் கொட்டியது. பொருட்படுத்தவில்லை. அடுத்த கல்லை எடுத்தாள்.

தொட்டியில் ஒரே ஒரு கல் பாக்கி இருந்தது. எழுந்துபோய், அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி, கம்பியில் இரண்டு முறை தட்டினாள். டக், டக். கேட்டுவிட்டது, வந்துவிட்டேன். காத்திருந்தாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. தொட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தது வைத்தபடி இருந்தது.

கடைசிக் கல்லையும் எடுத்து வந்து டப்பில் வைத்து வெந்நீரை ஊற்றினாள்.