ரெங்கசாமியின் மூச்சு

கிள்ளான் பட்டணத்தில் அரிசிக் கடைக் கட்டடம் இடிந்து விழுந்ததில் புதைந்துபோன ரெங்கசாமியின் மூச்சு, பல வருடமாகியும் நிற்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அது நடந்தது. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்டோரில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்.

மூச்சைக் கண்டுபிடித்தவர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த விநாயகமூர்த்தி. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், தனிக்கட்டை, விமான நிலையத்தில் ராடார் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கழித்துப் போட்ட சாமான்களை வைத்து ஒரு பெட்டி செய்திருந்தார். அதிலிருந்து கிளம்பும் அலை சுவரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து ஆளின் நெஞ்சில் பட்டுத் திரும்பும். நெஞ்சு ஏறி இறங்குவதற்கேற்ப முள் ஆடும். அதுவரை அந்தப் பெட்டி கண்டுபிடித்திருந்ததெல்லாம், அடுத்த வீட்டு மார்க்கிரட் மத்தியானத்தில் தூங்குகிறாள் என்பதைத்தான். பேப்பரில் செய்தி பார்த்ததும் பெட்டியோடு கிள்ளானுக்குப் பஸ் ஏறினார். தீயணைப்புக்காரர்கள் இயந்திரங்களை நிறுத்தி ஆட்களை விலக்கினார்கள். முள் ஆடியது.

"இருக்காரா அங்கிள்?" என்றாள் ரெங்கசாமியின் மனைவி புஷ்பவல்லி.

"இருக்கிறார் பிள்ளை. மூச்சு சீராய் வருது."

இடிபாடு முழுவதையும் அள்ளியாயிற்று. ஆள் இல்லை. முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தரையை உடைத்தார்கள். ஈயச் சுரங்கத்தில் பழகிய ஆட்களைக் கூட்டிவந்து ஆழமாக வெட்டினார்கள். எவ்வளவு வெட்டினாலும் மூச்சு இன்னும் ஒரு கை ஆழத்தில் இருந்தது. குழியில் தண்ணீர் ஊறிப் பக்கத்துக் கட்டடத்திலும் விரிசல் விட்டதும், மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

விநாயகமூர்த்தியால் அப்படிப் போக முடியவில்லை. மாதம் ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புஷ்பவல்லியும் வருவாள். இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூச்சிருக்கிற ஆளுக்கு எப்படிக் கருமாதி செய்வது என்று ஐயர் கைவிரித்துவிட்டார். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்ட லோரி டிரைவர் சின்னையாவும் பதிலுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்.

அவள் தலையில் நரை தெரிய ஆரம்பித்த வருடம் விநாயகமூர்த்தி ஒரு முடிவோடு வந்தார். பெட்டியைத் தரையில் வைத்தார். முள் அசையவில்லை.

"நின்றுபோச்சு பிள்ளை. இனி நீ உன்ர வாழ்க்கையைப் பார்."

புஷ்பவல்லி பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "சுவிட்ச போடவே இல்லயே அங்கிள்."

அவர் சுவிட்சைப் போட்டார். முள் ஆடியது. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். "நான் இந்தப் பெட்டியோட வந்திருக்கவே கூடாது."

"நீங்க வரலன்னா மட்டும் அவரு மூச்சு விடாமலா இருந்திருப்பாரு?" என்று சொல்லி, அவரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள்.

மறுவருடம் புஷ்பவல்லி பழைய தாலியைக் கழற்றாமலே சின்னையாவிடம் இன்னொரு தாலி கட்டிக்கொண்டாள். கோயிலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து இருவரும் மாலையோடு அந்த இடத்துக்கு வந்தார்கள். விநாயகமூர்த்தி பெட்டியை வைத்தார். மூச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்னையா குனிந்து முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா தூங்குறாரு லா" என்றார்.

தொண்ணூற்று மூன்றில் விநாயகமூர்த்தி காலமானார். பெட்டியை இயக்க வேறு யாருக்கும் தெரியாது. யாரும் கற்றுக்கொள்ளவும் முனையவில்லை. அந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். கூட்டம் நெரிகிற தீபாவளி நாளிலும் நடுவில் ஓரிடம் காலியாகவே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் காரை அங்கே திருப்பினால், சீட்டுக் கொடுக்கிறவர் உட்கார்ந்தபடியே கையை ஆட்டுவார்.

"அங்க வேணாம் பாஸ். ஆள் இருக்கு."

அவர்களும் சரியென்று வேறு இடம் தேடிப் போவார்கள்.