உறவினரல்லாத இருவர்

கொழும்பில் பதினொரு ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ் வேலை கேட்டு விண்ணப்பம் போட்ட ரிஸ்லாவுக்கு ஒன்றிலிருந்துதான் பதில் வந்தது. அதுவும் அவள் குசினியில் சூடை மீன் கழுவிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து. கையெல்லாம் செதில். புருசனின் தங்கை பஸ்னாதான் போனை அவள் காதில் பிடித்தாள். தன் காதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நான் ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாருக்குப் பொறுப்பான மேற்றன் அன்னலட்சுமி. விண்ணப்பத்தில, உங்களைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இருவர் எண்ட இடத்தில ரெண்டு பேர் போட்டிருக்கிறீங்கள்.”

“ஓம் மெடம்.”

“நேற்று ரெண்டு பேருக்கும் போன் எடுத்தனான். பள்ளிக்கூட அதிபர் ஸெய்னுதீன் உங்கட மாமாவாம்.”

ரிஸ்லாவின் கையிலிருந்த மீன் சட்டிக்குள் திரும்பிப் போனது.

“மருந்துக்கடைக் குலசிங்கம் சித்தப்பாவாம். நீங்கள் அவரின்ர பெறாமகளாம். ஸெய்னுதீனும் குலசிங்கமும் எந்த வழியில பிள்ளை ஒரே குடும்பம்?”

“மெடம், ரெண்டு பேரும் எனக்குச் சொந்தமே இல்ல!”

“அப்ப அவை சொன்னது பொய்யோ, நீங்கள் எழுதினது பொய்யோ? இங்க மருந்து அலுமாரியின்ர பூட்டுத் திறப்பு உங்கட கையில இருக்கும். பொய் எழுதுற ஆளிட்ட அதைக் குடுக்க ஏலாது. இந்த ஒரு இடத்துக்கு இன்னும் பத்தொன்பது பேர் நிக்கினம். நாலு மணிக்குள்ள விளக்கம் சொல்லுங்கோ.”

போன் நின்றது.

“நம்மட குடும்பத்தில ஒரு அதிபரும் ஒரு மருந்துக்கடையும் இரிக்கிறத இவ்வளவு நாளும் மறைச்சிட்டீங்களே மச்சி!” என்றாள் பஸ்னா.

“சும்மா இரு புள்ள. எனக்கு நெஞ்சு அடிக்குது.”

அடிக்காமல் என்ன செய்யும்? புருசன் இல்ஹாம் கொழும்பில் வேலைக்குப் போய் இரண்டு மாதம். இவளுக்கும் அங்கே வேலை கிடைத்தால்தான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

“இல்ஹாம் காக்கா ரெண்டு மாசமா பருப்பும் கடைப் பாணும்தான். நீங்க இன்னும் சுணங்கினா பருப்புத்தான் காக்காவத் தின்னும்” என்றாள் பஸ்னா.

ரிஸ்லா கையைக் கழுவிவிட்டு முதலில் கிண்ணியாவுக்குப் போன் எடுத்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் அவள் ஐந்து மாதம் புண்ணுக்கு மருந்து கட்டிய கால் ஸெய்னுதீன் அதிபருடையது.

“சேர், நான் ஒங்களுக்கு என்ன முறை?”

“அந்தம்மா கேட்டதும் நல்லா யோசிச்சுப் பாத்தன் மகள். ஒங்கட வாப்பாட சாச்சாட மருமகனும் என்ட மச்சானும்...”

“சேர், சொந்தமில்லாத ஆள்தான் அதுக்கு வேணும்!”

“சொந்தமில்லாதவன் சொன்னா யாரு புள்ள நம்புவான்? தெருவால போறவன் சொல்றதும் ஒரு சொல்லா?”

அதற்கு மேல் அவரோடு கதைத்துப் பயனில்லை. ரிஸ்லா குலசிங்கத்தின் மருந்துக்கடைக்கு ஓடினாள். ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் மருந்துப் பெட்டி அட்டையைச் சப்பிக்கொண்டு நின்றது. மணி மூன்றரை.

“ஓம் பிள்ளை, சொன்னனான்தான்” என்றார் குலசிங்கம். “கொழும்பில போட்டி எண்டு நீர்தானே சொன்னீர்? போட்டியெண்டால் சொந்தக்காரர் நிண்டால்தானே பெலம்?”

“ஐயா, நீங்க குலசிங்கம், நான் ரிஸ்லா. கேக்கிற ஆள் நம்ப வேணாமா?”

“அதை நான் யோசிக்கேல்லை. எடும் போனை.”

மேற்றனின் குரல் கடை முழுவதும் கேட்கும்படி அவள் போனை மேசையில் வைத்தாள்.

“மேற்றன் அம்மா, இந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் இல்லை.”

“நேற்றுச் சித்தப்பா.”

“அது நேற்று.”

“நாளைக்கு?”

குலசிங்கம் நெற்றியைத் துடைத்தார்.

“சரி” என்றார் மேற்றன். “வெளியாள் எண்டால் அவவில ஒரு குறை சொல்லுங்கோ பாப்பம். சொந்தக்காரர் சொல்ல மாட்டினம்.”

குலசிங்கம் ரிஸ்லாவைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடினாள்.

“ஒரு குறையோ அம்மா?” அவர் குரலில் திடீரென்று ஒரு தெம்பு. “நாலு வருசமா எனக்கு நிம்மதியில்லை. கிளினிக்குக்கு நான் குடுத்த மருந்தைப் போன மாசம் பெட்டியோட திருப்பி அனுப்பினவ. காலாவதிக்கு மூண்டு கிழமைதான் கிடக்காம். டொக்டரின்ர எழுத்து எனக்கு விளங்குது எண்டு சொல்லச் சொல்ல, மழைக்குள்ள ரெண்டு தரம் அவரிட்டக் கேக்கப் போனவ.”

“ஆர் சொன்னது சரி?”

“அது... அவ சொன்னதுதான். ஆனால் ஆறு சனத்துக்கு முன்னால சொல்லலாமோ? எனக்குச் சீனி வருத்தம் அம்மா. சீனி போட்டிருக்கோ எண்டு என்ர தேத்தண்ணிக் கோப்பையை மோந்து பாக்கிறா! பிறகு அந்த வாய்! என்ர மனிசியும் என்னை இப்பிடிப் பேசினதில்லை.”

“காணும், காணும்.” மேற்றன் சிரிப்பை விழுங்குவது கேட்டது. “ரிஸ்லா நிக்கிறாவோ?”

“நிக்கிறன் மெடம்.”

“திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்கு வாங்கோ. மூண்டு மாசம் வைச்சுப் பாப்பன். திறப்பு முதல் நாளே தருவன். ஆனால் என்ர தேத்தண்ணியை மோந்து பாக்கப்படாது.”

“ஏன் மெடம், உங்களுக்கும் சீனி வருத்தமா?”

போனில் ஒரு கோப்பையைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

“முதல்ல வந்து சேருங்கோ.”

ரிஸ்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல.

“நல்லா இரும் பிள்ளை. போய்ச் சேர்ந்ததும் எனக்கு எடும். அங்க ஆரும் ஏதும் சொன்னால், சித்தப்பா ஒருத்தன் இருக்கிறன் எண்டு...”

“குலசிங்கம் ஐயா” என்றது போன். “நான் இன்னும் வைக்கேல்லை.”