மூன்றாவது சாக்கு

மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகு புறப்படக் கொஞ்ச நேரந்தான் இருந்தது. பாக்கியரத்தினம் சனத்துக்குள் புகுந்து பல்கீஸைத் தேடிப் பிடித்து, வியர்வையில் நனைந்த கடிதத்தை அவள் கையில் திணித்தான். கிளிவெட்டியில் தாய்வீட்டிலிருக்கும் மனைவி கமலாதேவிக்கு. மூதூர்க் கருவாட்டு வியாபாரி பல்கீஸ்தான் அவர்களுக்கு ஒரு வருடமாகத் தபால்காரி.

"கூரைக்குத் தகரம் போட்டாச்சா தம்பி? புள்ளய எப்ப கூட்டி வரப் போறீங்க?"

"இல்லயக்கா. எல்லாம் அதில எழுதியிருக்கு."

போன சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டபோது பக்கத்து வளவு ஓலைக் கிடுகுக்கூரை பற்றியெரிந்து, இவர்கள் கூரையையும் தின்றுவிட்டுப் போனது. நிறைமாதக்காரி கமலாதேவி அதைக் கண்ணால் கண்டவள். "தகரம் போட்டாத்தான் திரும்பி வருவன்" என்று போனவள் போனவள்தான். அங்கே பிறந்த யோகமலர் இப்போது நடக்கிறாள். அப்பனைக் கண்டால் அலறுகிறாள்.

குண்டு விழுந்தும் ஓடாமல் இவனைப்போலத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி எண்ணிக்கொண்டு நின்றவர்களுக்குப் போனஸ் என்று அறிவித்தார்கள். கணக்குப் பார்த்தால் சரியாக ஒரு கூரைக்குத் தகரம்! துள்ளிக் குதித்தான் மனிசன். ஆனால் கூட வேலை செய்யும் இராசையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

"சந்தோசப்படாதையும். உம்மட சம்பளம் வருமானவரி வரம்புக்கு மயிரிழை கீழ. போனசை எடுத்தீரோ, தாண்டிப் போகும். பிறகு வருசச் சம்பளம் முழுக்க வரி. போனசும் போய், சம்பளத்திலயும் துண்டு விழும்."

இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. 'போனஸ் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்த படிவம் இப்போது சட்டைப்பையில். பன்னிரண்டு மணிக்குள் கந்தோரில் காசாளரிடம் கொடுக்கவேண்டும்.

திரும்பி நடந்தவனைப் பல்கீஸின் சத்தம் நிறுத்தியது. லாஞ்சியில் காசு வாங்கும் அன்ஸார் வேலைக்குப் புதிசு. அவளுடைய மூன்று சாக்குக்கும் காசு கேட்டுவிட்டான்.

"உனக்கென்ன விசரா? ஆளுக்கு ரெண்டு சாக்கு சும்மா!"

"ரெண்டோட வந்தாச் சும்மா. நீங்க மூணு கொண்டு வந்தீங்க. மூணுக்கும் தாங்க."

"எந்த ஊர்ச் சட்டமடா இது? மூணாவதத் தூக்கி வெச்சதால மற்ற ரெண்டும் என்ன பாவம் செஞ்சது? மேலதிகமா உள்ளதுக்குத்தான் காசு!"

சனம் முழுக்க அவள் பக்கம். அன்ஸார் முகத்தைச் சுளித்து ஒரு சாக்குக்கு மட்டும் வாங்கினான்.

பாக்கியரத்தினம் சட்டைப்பைப் படிவத்தைத் தொட்டுப் பார்த்தான். அட கடவுளே! வரியும் இப்படித்தானோ? எடுத்தான் ஓட்டம். கந்தோருக்குள் புகுந்து, காசாளர் காசிநாதரின் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"வரம்பு தாண்டினா முழுக்கவோ, தாண்டினதுக்கு மட்டுமோ ஐயா?"

காசிநாதர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தாண்டினதுக்கு மட்டுந்தான், காணும். உமக்கு ரெண்டு மூண்டு தகரத்தின்ர காசு வரியாப் போகும். மிச்சம் உம்மட பை. ஆர் உமக்கு வேற கதை சொன்னது?"

கெட்டிக்காரர் இராசையா! திட்டவும் நேரமில்லை. பழைய படிவத்தைக் கிழித்தெறிந்து, புதிதில் 'சம்மதம்' என்று எழுதிக் கொடுத்தான். ரெண்டு தகரம் குறைந்தால் என்ன, சமைக்கிற குசினிக்கு மட்டும் பிறகொருநாள் போடலாம். அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. 'தகரம் இல்லை, நீ அங்கேயே இரு' என்றல்லவா எழுதியிருக்கிறான்!

திரும்ப ஓடினான். லாஞ்சி கரையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பல்கீஸக்கா! கடிதத்தைக் குடுக்காதேங்கோ!"

என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் சாக்கின்மேல் இருந்தவள் காதில் கை வைத்து, என்ன என்று கேட்டாள். அவன் வெறுங்கையால் கடுதாசி கிழிப்பதுபோலக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்நுனிகளைச் சேர்த்துக் கூரைபோல வைத்துக்கொண்டு, கரையில் காவல் நின்ற பட்டாளத்துக்காரர் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க அப்படியே நின்றான்.

பல்கீஸ் காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு முக்காடு காற்றில் பறக்க எழும்பி நின்று, தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய் விரல்நுனிகளைச் சேர்த்தாள்.