பேச்சியம்மாள் பெயரில் ஓர் அட்டை

கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு புடைக்கிற தமிழ்ப் பெண்கள் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆஸ்பத்திரி அட்டைதான். அது பேச்சியம்மாள் பெயரில் இருந்தது. வீட்டு நம்பர் இருந்தால்தான் தர்மாஸ்பத்திரியில் அட்டை தருவார்கள். கிடங்குக் கொட்டகையில் படுக்கிறவளுக்கு ஏது நம்பர்? பேச்சியம்மாளுக்கு மட்டும் வாடகை அறை இருந்தது. கேட்டவளுக்கெல்லாம் அட்டையைத் தூக்கிக் கொடுத்தாள். அங்கே போனவளெல்லாம் பேச்சியம்மாள்தான். நர்ஸுகள் பாண்டிக்காரிகளை என்றைக்கு முகம் பார்த்தார்கள், கண்டுபிடிக்க?

எண்பத்தேழில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏழைகளில் ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாதென்று யாரோ புண்ணியவான் வாங்கிக் கொடுத்தானாம். பழைய சீட்டையெல்லாம் அதில் ஏற்றினார்கள்.

அந்த மழைக்காலத்தில் பேச்சியம்மாள் இருமியபோது ரத்தம் வந்தது. தன் அட்டையோடு தனக்காக அவள் போனது அதுதான் முதல் தடவை. நர்ஸ் கமலாக்ஷி பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

"காசத்துக்கு எட்டு மாசம் மருந்து கழிச்சு சுகமாயின்னு இதில உண்டல்லோ. பின்னே எந்தினா மருந்து? தொண்டை புண்ணாயிருக்கும்."

அந்த எட்டு மாத மருந்தையும் தின்று தேறியவள் கூடப் புடைக்கிற ஒச்சம்மாள். சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் மருந்து கிடைக்கும், அட்டை போய்விடும். ஜெயலக்ஷ்மிக்கோ நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பேறுகாலம் ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டரம்மா இதே அட்டையைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள்.

"மிஷின்ல இருந்தாச் சரிதான், சிஸ்டர்" என்றாள் பேச்சியம்மாள். இருமல் மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டாள். பேறு முடிந்ததும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மூன்று வாரத்தில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஜெயலக்ஷ்மியின் புருஷன் ஒச்சப்பன் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

"பொம்பளப்பிள்ள, மதினி! கம்ப்யூட்டர்ல அடிச்ச காயிதத்த நர்ஸம்மா வாசிச்சுக் காட்டினாக. பேச்சியம்மாள், தாயும் பிள்ளையும் சுகம், தாய்க்கு நெஞ்சில ஒரு கொறையும் இல்லையாம்."

பேச்சியம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. இருமல் அடங்கியதும் கை நீட்டினாள்.

"அட்டையக் குடு. இப்பவே என்னையத் தூக்கிட்டுப் போ. உள்ளதச் சொல்லிருறேன்."

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான். "நம்ம கிடங்கு மாயம்மா வாங்கிட்டுப் போயிட்டாளே மதினி. அவளுக்கும் நாள் தள்ளியிருக்காம், காலையிலயே போய்ப் பதிஞ்சுட்டா, மிஷினும் சரின்னுருச்சாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"நீங்க என்னைக்கு மதினி வேணாம்னு சொல்லியிருக்கீக?"