தாழ்ப்பாள் இல்லாத வீடு

ரமேஷ்பாபு தான் வாடகைக்குக் கொண்டுவந்த குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடியை இறக்கியபோது மகா நடுவில் கையை நீட்டினாள். அவன் பதறி மூடியைத் தூக்கிப் பிடித்தான்.

“சேச்சி, கை எடுங்க. விரலு போயிருக்கும்.”

“மூட வேண்டாம்.”

“மூடாம தணுப்பு நிக்காதில்லே?”

பெட்டிக்குள் அம்மா சந்தனமாரி கிடந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். குளிப்பாட்டிய பிறகும் விரல்களில் இஞ்சிக் கறை இருந்தது.

செல்லப்பா மாமா வாசலிலிருந்து வந்தார். “உங்கண்ணன் அருண் தோஹாவிலேருந்து நாளைக்குத்தான் வந்து எறங்குவான். அதுவரைக்கும் எங்கக்காவ இந்தப் புழுக்கத்துல போட்டு வைக்கணுமா?”

“தெரியல மாமா. மூட வேண்டாம்.”

“மனசப் பத்திப் படிக்கிறவ பேசுற பேச்சா இது?”

மகாவுக்கே விளங்கவில்லை. கை மட்டும் பெட்டியின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தது.

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. நிலையில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. “கள்ளன் வந்தா என்ன பண்ணுவ?” என்று தெருவில் கேலி செய்தால், “சாயா குடிச்சுட்டுப் போகட்டும்” என்பாள் சந்தனமாரி. மகா குளிக்கும்போது வெளியே காவல் நின்று கதவில் இரண்டு தட்டு தட்டுவாள். “இங்கதாண்டி இருக்கேன்.” வயசுக்கு வந்த பிறகு மகாவுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறைக்காகவே காக்கநாட்டுக் கல்லூரி விடுதிக்குப் போனாள். அங்கே தினமும் தாழ்ப்பாளைப் போடுவாள், திறக்கிறதா என்று பார்ப்பாள், மறுபடியும் போடுவாள். அறைத்தோழி சிரிப்பாள்.

தாங்க முடியாததை மனம் தனக்கே தெரியாமல் ஒளித்து வைக்கும், ஒளித்தது பழக்கமாக வெளியே வரும் என்று வகுப்பில் சொன்னபோது மகாவுக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தாள். விடுமுறையில் வந்து கேட்டாள்.

“சின்ன வயசுல உன்னை யாராவது ரூம்ல போட்டுப் பூட்டினாங்களாம்மா?”

சோறு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“என்னையா? இல்லயே.”

அம்மா மறைக்கிறாள் என்று மகா முடிவு செய்துகொண்டாள்.

இப்போது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஷபானாக்கா எழுந்தாள். சந்தனமாரியோடு ஒரே குடோனில் இருபது வருஷத்துக்கு மேல் இஞ்சி பொறுக்கியவள்.

“ரமேஷ்பாபு, நீ போய் ஒரு சாயா குடிச்சுட்டு வா. செல்லப்பாண்ணே, நீங்களும்தான்.”

அவர்கள் போனதும் மகாவின் வலது கையை விளிம்பிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மோதிர விரலின் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. பிறவியிலேயே அப்படி என்றுதான் மகா நினைத்திருந்தாள். நகம் வெட்டிவிடும்போது அம்மா அந்த விரலைக் கடைசியில்தான் தொடுவாள்.

“இது எப்படி ஆச்சு தெரியுமா மோளே?”

“தெரியாதுக்கா.”

“உங்கப்பா விட்டுட்டுப் போன வருஷம். உனக்கு மூணு வயசு. அருண் ஸ்கூலுக்குப் போயிடுவான். குடோனுக்குள்ள பிள்ளைங்கள விடமாட்டாங்க. உனக்குச் சோறு வெச்சுட்டு வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு வருவா. அன்னிக்கு நல்ல மழை. லோடு வந்துடுச்சு, இருட்டுற வரைக்கும் எங்கள விடல. அருணும் மழையில ஸ்கூல்லயே நின்னுட்டான். வந்து கதவத் தொறந்தா நீ கதவோரத்துல கிடக்குற. தொண்டையில சத்தமில்ல. கதவு பூரா கீறல். அந்த நகம் கதவுலயே இருந்துச்சு.”

மகா வாசல் கதவைப் பார்த்தாள். எத்தனையோ முறை பெயின்ட் அடித்த கதவு.

“மறுநாளே எல்லாத் தாழ்ப்பாளையும் கழட்டிட்டா. படகு ஜெட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணியில போட்டா. நானும் கூடப் போனேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உனக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னு தெரிஞ்ச அன்னிக்கு இவ முகத்தப் பாக்கணுமே. ‘எம்மக மறந்துட்டாக்கா, எல்லாத்தையும் மறந்துட்டா’ன்னு எங்கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் யாரு சொல்லுவா?”

மகா யோசித்துப் பார்த்தாள். மழை நினைவுக்கு வரவில்லை. இருட்டும் வரவில்லை. மடியிலிருந்த கைதான் மறுபடியும் பெட்டியின் விளிம்புக்குப் போனது. ஷபானாக்கா அதை அழுத்திப் பிடித்தாள்.

ரமேஷ்பாபு திரும்பி வந்து தயங்கி நின்றான். “சேச்சி, அடைக்கட்டே?”

மகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

மூடி இறங்கியது. இரண்டு பக்கமும் கொக்கிகள் விழும் சத்தம் கேட்டது. மோட்டார் உறுமத் தொடங்கியது. கண்ணாடியில் மெல்லப் பனி படர்ந்தது.

செல்லப்பா மாமா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மகா உட்காரவில்லை. பெட்டியின் அருகே மண்டியிட்டு, அந்தக் கோணல் நகமுள்ள விரலை மடக்கி, கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள்.